ஆன்லைனில் காபிக் கொட்டை வாங்குவது எப்படி: விலையும் விவசாயியின் பங்கும்

திரையில் இரண்டு பைகள். ஒரே எடை, ஒரே மாதிரி வறுவல். ஒன்றின் விலை மற்றதைப்போல இரண்டு மடங்கு. விலை கூடிய பையின் படத்தில் ஒரு பெண் கூடை நிறையக் காபிப் பழத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். நான் பல வருடங்கள் அந்தச் சிரிப்பை நம்பித்தான் பை வாங்கினேன். கூடுதலாகக் கொடுக்கும் காசு எப்படியும் அவருக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு போகிறது என்று ஒரு நாளும் யாரையும் கேட்டதில்லை.

கேட்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, கடை விலைக்கும் விவசாயி கைக்குப் போகும் பணத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. விலை கூடிய பையில் பெரும்பகுதி வாடகைக்கும் விளம்பரத்துக்கும் அழகான அட்டைப்பெட்டிக்கும் போயிருக்கலாம். சுமாரான விலையில் விற்கிறவர் பச்சைக் கொட்டைக்கு நல்ல விலை கொடுத்திருக்கலாம். வாங்குகிறவர் தேடிப் பிடிக்க வேண்டியது ஒரே ஒரு எண்ணைத்தான்: வறுப்பதற்கு முன்னால், அந்தப் பச்சைக் கொட்டைக்கு என்ன விலை கொடுத்தார்கள்? அந்த எண்ணை எங்கே தேடுவது, கிடைத்தால் எப்படி எடை போடுவது, கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பழத்திலிருந்து பை வரை ஒரு கணக்கு

முதலில் ஒரு கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

காபிச் செடியின் ஒரு கிளையைப் பக்கத்தில் பார்த்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பருவத்துப் பழங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நல்ல காபி வேண்டுமென்றால் நன்றாகச் சிவந்ததை மட்டும் ஒவ்வொன்றாக விரலால் திருகிப் பறிக்க வேண்டும். காம்பைக் கிளையோடு பிய்த்துவிடக் கூடாது. மற்றவை பழுக்கும் வரை காத்திருந்து அதே செடிக்கு மூன்று நான்கு முறை திரும்பி வர வேண்டும். பறித்த பழத்தை அன்றே தோல் நீக்க வேண்டும், அல்லது வெயிலில் பரப்பிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு இரவு தாமதித்தால் புளிப்பேறிவிடும். செடி நட்டு முதல் விளைச்சல் பார்க்கவே மூன்று நான்கு வருடம் ஆகும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்குச் சுமார் 6 கிலோ பழம் வேண்டும். வறுக்கும்போது ஈரம் போய் எடை 15 முதல் 20 சதவீதம் வரை குறையும். ஆக, நீங்கள் வாங்கும் 250 கிராம் பையில் சுமார் 300 கிராம் பச்சைக் கொட்டை இருக்கிறது, அதாவது கிட்டத்தட்ட இரண்டு கிலோ பழம்: 1.8 கிலோ.

உலகச் சந்தையில் பச்சைக் கொட்டையின் விலையை ஒரு பவுண்டுக்கு இத்தனை அமெரிக்க டாலர் என்றுதான் சொல்வார்கள். ஒரு பவுண்டு 453.6 கிராம். அப்படியானால் 300 கிராம் என்பது முக்கால் பவுண்டுக்கும் குறைவு, 0.66 பவுண்டு. ஒரு பவுண்டு 1.80 டாலர் என்றால் உங்கள் பையில் உள்ள பச்சைக் கொட்டையின் விலை 1.19 டாலர். 4 டாலர் என்றால் 2.65 டாலர். 50 சென்ட் என்றால் வெறும் 33 சென்ட்.

பிடித்த கடையின் விலையை டாலருக்கு மாற்றி இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பச்சைக் கொட்டையின் விலை பையின் விலையில் சிறு பகுதிதான் என்பது புரியும். இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. பவுண்டுக்கு 1 டாலர் அதிகம் கொடுத்தால் 250 கிராம் பைக்கு 66 சென்ட்தான் கூடும். ஒரு கோப்பைக்கு 15 கிராம் கொட்டை என்று வைத்தால் அந்தப் பையில் 16 கோப்பை வரும். கோப்பைக்கு 4 சென்ட். விவசாயியின் வாழ்க்கையையே மாற்றக்கூடிய ஒரு விலை உயர்வு நம் கோப்பையில் கண்ணுக்கே தெரியாது.

இந்தக் கணக்கை இன்னொன்றுக்கும் பயன்படுத்தலாம். ஒரு பை அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது, அதில் பச்சைக் கொட்டையின் அன்றைய சந்தை விலைகூடத் தேறாது என்றால், எங்கோ ஏதோ விட்டுப்போயிருக்கிறது. ஒன்று, ‘முழு அரபிகா’ என்று போட்டிருப்பதில் விலை குறைந்த ரகமான ரொபஸ்டா கலந்திருக்கும். அல்லது வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்த பழைய கொட்டையாக இருக்கும்.

படி 2: எந்த விலை என்று பிரித்துப் பாருங்கள்

பச்சைக் கொட்டைக்கு மூன்று நான்கு விலைகள் உண்டு. விற்பவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று கவனிக்காவிட்டால் ஏமாந்துபோவோம்.

‘எஃப்ஓபி’ என்பது விளையும் நாட்டின் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை. இதற்குள் விவசாயிக்குப் போவது, கூட்டுறவுச் சங்கத்தின் செலவு, மேல்தோல் நீக்கும் ஆலை, தரம் பிரித்தல், லாரி, ஏற்றுமதியாளரின் லாபம் எல்லாம் அடங்கும். தோட்ட வாசல் விலை என்பது விவசாயி தன் கையில் வாங்கிய பணம். இரண்டும் ஒன்றல்ல. எஃப்ஓபி விலையில் விவசாயிக்கு எத்தனை பங்கு என்பது நாட்டுக்கு நாடு, சங்கத்துக்குச் சங்கம் மாறும்.

இன்னொரு சிக்கல், தோட்ட வாசலில் பச்சைக் கொட்டை விற்பனை ஆவது அபூர்வம். சிலர் பழமாகவே விற்பார்கள், சிலர் உள்தோலோடு காயவைத்த பார்ச்மென்ட்டாக விற்பார்கள். பழத்தின் கிலோ விலை தெரிந்தால் 6ஆல் பெருக்குங்கள், பச்சைக் கொட்டையின் விலைக்குச் சுமாராகச் சரிவரும். பார்ச்மென்ட் என்றால் 100 கிலோவில் 80 கிலோ பச்சைக் கொட்டை தேறும், அதனால் 1.25ஆல் பெருக்குங்கள். இதைச் செய்யாமல் ஒருவரின் பழ விலையையும் இன்னொருவரின் எஃப்ஓபி விலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் நல்லவர் கெட்டவராகத் தெரிவார்.

படி 3: சந்தை விலைக்கு மேலே என்பதை அப்படியே நம்பாதீர்கள்

கடைப் பக்கங்களில் அடிக்கடி வரும் வரி, ‘சந்தை விலையைவிட அதிகம் கொடுக்கிறோம்’ என்பது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தச் சந்தை, எந்த வருடத்துச் சந்தை?

அரபிகாவுக்கு நியூயார்க் வாய்தாச் சந்தை (பிற்பாடு கொடுக்க வேண்டிய சரக்குக்கு இன்றே விலை பேசும் இடம்), ரொபஸ்டாவுக்கு லண்டன். நியூயார்க்கில் ஏறி இறங்கும் அந்த எண்ணைக் காபி வியாபாரத்தில் ‘சி விலை’ என்பார்கள். உலகம் முழுவதும் அரபிகா பேரம் பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த எண்ணுக்கு விவசாயியின் உற்பத்திச் செலவு தெரியாது. பிரேசிலில் உறைபனி விழுந்தால் ஏறும், அங்கே நல்ல மழை பெய்தால் இறங்கும். 1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் விழுந்த உறைபனி செடிகளைக் கருக்கியது, 1977இல் விலை 3 டாலரைத் தாண்டியது.

அப்புறம் 1962 முதல் இருந்த சர்வதேச காபி உடன்படிக்கை. எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று அளவு வைத்து அது விலையைத் தாங்கிப் பிடித்தது. 1989 ஜூலையில் அந்த ஒதுக்கீட்டு முறை முறிந்தது. 2001 கடைசியில் விலை பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. மத்திய அமெரிக்காவில் பழத்தைப் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் ஒருவர் சந்தை விலையைவிட 30 சதவீதம் கூடக் கொடுத்திருந்தாலும் அது 65 சென்ட்டைத் தாண்டியிருக்காது.

பிற்பாடு நிலைமை தலைகீழானது. 2025 பிப்ரவரியில் சி விலை 4 டாலரைத் தாண்டியது. விவசாயிகளுக்கு நல்ல காலம் என்று தோன்றும், பலருக்கு உண்மையும்கூட. ஆனால் ஏற்றத்துக்கு முன்பே குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டவருக்குப் பலனில்லை. 2021இல் பிரேசில் வறட்சியாலும் உறைபனியாலும் விலை எகிறியபோது கொலம்பியாவில் பலர் சங்கங்களுக்கு முன்பேசிய காபியைக் கொடுக்காமல் வெளியே விற்றார்கள். நஷ்டம் சங்கங்களின் தலையில் விழுந்தது. விவசாயியைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை.

அதனால் நான் பார்ப்பது இரண்டு விஷயம். விற்பவர் கொடுத்த விலையை எண்ணாகச் சொல்கிறாரா? சந்தை இறங்கும் வருடத்திலும் அதற்குக் கீழே போகமாட்டேன் என்று ஒரு அடிவிலை வைத்திருக்கிறாரா? இரண்டாவதற்கு ஆம் என்று சொல்லக்கூடியவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

படி 4: பொருள் விவரப் பக்கத்தைப் படிப்பது

எதையெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்பதைவிட எவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘ஆப்பிரிக்க மலைக் காபி’ என்று மட்டும் இருந்தால் அதில் ஒன்றுமே இல்லை. நாடு, வட்டாரம், சங்கம் அல்லது தோட்டத்தின் பெயர், அறுவடை வருடம், பதப்படுத்திய முறை, வறுத்த தேதி, இறக்குமதி செய்தவர் பெயர். இவ்வளவும் இருந்தால் அந்த விற்பனையாளருக்குத் தன் கொட்டை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். தெரிந்தவரிடம்தான் விலையைக் கேட்கவே முடியும்.

ஒரு எச்சரிக்கை. தோட்டக்காரர் பெயர் இல்லை என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். பிரேசிலில் இயந்திரம் வைத்துப் பறிக்கும் பெரிய பண்ணைகள் இருக்கின்றன, அங்கே பண்ணையின் பெயர் சொல்வது சுலபம். எத்தியோப்பியாவில் பெரும்பாலானவர்கள் வீட்டைச் சுற்றிச் சிறு நிலத்தில் காபி வளர்ப்பவர்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பழம், தோலை நீக்கிக் கொட்டையைக் கழுவும் ஒரே கழுவு நிலையத்தில் வந்து சேர்ந்து ஒரே தொட்டியில் விழும். அங்கே கழுவு நிலையத்தின் பெயர்தான் உண்மையான முகவரி. அப்படிப்பட்ட காபிக்கு ஒரே ஒரு விவசாயியின் பெயரையும் படத்தையும் போட்டிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ருவாண்டாவிலும் அப்படித்தான், கழுவு நிலையத்தின் பெயரைத் தேடுங்கள். கென்யாவில் இந்த நிலையங்களை ‘ஃபேக்டரி’ என்றே சொல்வார்கள். பையில் அந்தச் சொல்லைப் பார்த்துத் தொழிற்சாலைக் காபியோ என்று பயப்பட வேண்டாம். கென்யாப் பைகளில் வரும் ‘ஏஏ’ என்பது கொட்டையின் அளவு. அதற்கும் நியாயத்துக்கும் சம்பந்தமில்லை.

சில சொற்கள் கனமாகத் தெரியும், தூக்கிப் பார்த்தால் லேசாக இருக்கும். ‘நேரடி வர்த்தகம்’ அதில் முதன்மை. அதைக் கண்காணிக்கிற பொது அமைப்பு எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். மனசாட்சியோடு செய்கிறவர்களும் இருக்கிறார்கள், வருடம் ஒருமுறை போய்ப் படம் எடுத்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். எண் கொடுத்தால் நம்புங்கள், படம் மட்டும் கொடுத்தால் கேள்வி கேளுங்கள். ‘லாபத்தில் 5 சதவீதம் விவசாயக் கிராமங்களுக்கு’ என்பது இன்னொன்று. பள்ளிக்கூடம் கட்டிக் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் கொட்டைக்குச் சரியான விலை கொடுத்தால் அந்தப் பணத்தை என்ன செய்வது என்று அந்த ஊர்க்காரர்களே முடிவு செய்துகொள்வார்கள். லாபம் என்பது எல்லாச் செலவும் போக மிஞ்சுவது என்பதையும் மறக்க வேண்டாம், அது பூஜ்யமாகவும் இருக்கலாம்.

மைக்ரோ லாட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணம் உள்ளவர்கள் இங்கேதான் அதிகம் வழுக்குகிறார்கள். ஒரு தோட்டத்தின் மிகச் சிறந்த சில மூட்டைகளைத் தனியாகப் பிரித்து ஆனை விலைக்கு விற்பார்கள். 1999இல் பிரேசிலில் தொடங்கிய ‘கப் ஆஃப் எக்ஸலன்ஸ்’ போட்டி ஏலங்கள் இந்தப் பழக்கத்தைப் பெரிதாக வளர்த்தன. நல்ல காபிக்கு மரியாதை கிடைத்தது, பல தோட்டங்கள் பெயர் பெற்றன, மறுக்கவில்லை. ஆனால் ஒரு விவசாயி 100 மூட்டை விளைவித்து அதில் 5 மூட்டை மட்டும் நான்கு மடங்கு விலைக்குப் போய், மீதி 95 சந்தை விலைக்குப் போனால் வருட முடிவில் கணக்கு என்ன? சந்தை விலையை 1 என்று வைத்தால் 5 மூட்டைக்கு 20, மற்றதற்கு 95, மொத்தம் 115. அதே விவசாயியிடம் 60 மூட்டையைச் சந்தையைவிட 40 சதவீதம் கூட்டி ஒருவர் வாங்கினால் 84, மீதி 40 சேர்த்து 124. இரண்டாவது ஆள் அவருக்கு அதிகம் கொடுத்திருக்கிறார், பையின் விலையோ குறைவாகவே இருக்கலாம். அதனால் விலையோடு சேர்த்து எத்தனை மூட்டை வாங்கினார்கள் என்றும் பாருங்கள்.

படி 5: முத்திரைகள்

விற்பவர் எண் எதுவும் தரவில்லை, எழுதிக் கேட்கவும் நேரமில்லை என்றால் பையில் இருக்கும் சான்றிதழ் முத்திரையைப் பார்த்து வாங்குவதில் தப்பில்லை. எது எதற்கு உத்தரவாதம் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஃபேர்டிரேட் இவற்றில் தனி. அடிவிலை வைத்திருக்கும் பெரிய முத்திரை இதுதான். இதன் வேர் 1988இல் நெதர்லாந்தில், மெக்சிகோ சிறு விவசாயிகளின் காபியோடு வந்த ‘மாக்ஸ் ஹாவெலார்’ முத்திரையில் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் கழுவிய அரபிகாவுக்குப் பவுண்டுக்கு 1.80 டாலர் அடிவிலை, இயற்கை விவசாயம் என்றால் அதற்கு மேல் 40 சென்ட். சந்தை விலை இதைவிட மேலே இருந்தால் சந்தை விலையைக் கொடுக்க வேண்டும். எப்படியிருந்தாலும் 20 சென்ட் கூடுதல் தொகை சங்கத்துக்குப் போகும், அதை எப்படிச் செலவிடுவது என்று உறுப்பினர்கள் கூடி முடிவு செய்வார்கள். சங்கம் கேட்டால் ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை முன்பணமும் கிடைக்க வழி உண்டு. அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாமல் இடைத்தரகரிடம் போகிற விவசாயிக்கு அந்த முன்பணம் விலையைவிடப் பெரிய விஷயம்.

குறைகளும் உண்டு. 1.80 என்பது சங்கத்துக்குப் போகும் எஃப்ஓபி விலை, விவசாயியின் கைக்கு வருவது அதில் ஒரு பங்கு. சங்கம் விளைவிக்கும் காபி முழுவதும் ஃபேர்டிரேட் ஆக விற்பனையாவதும் இல்லை, வாங்க ஆள் இல்லாவிட்டால் மிச்சம் சாதாரண விலைக்குத்தான் போகும். சந்தை 3, 4 டாலரில் இருக்கும்போது அடிவிலைக்கு வேலையே இல்லை. அது மழைக்கால ஓடு மாதிரி, வெயிலில் அதன் அருமை தெரியாது.

ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் முத்திரை, தவளைப் படம் போட்டது, 2018இல் உட்ஸ் என்ற இன்னொரு சான்றிதழ் அமைப்போடு இணைந்தது. காடு, தண்ணீர், தொழிலாளர் நிலைமை பற்றிய விதிகள் அதில் இருக்கின்றன, அடிவிலை இல்லை. இயற்கை விவசாயச் சான்றிதழ் மண்ணுக்கும் பூச்சிமருந்துக்குமானது, விலைக்கு உத்தரவாதம் இல்லை. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ‘பேர்ட் ஃப்ரெண்ட்லி’ நிழல்மரங்களையும் பறவைகளையும் காப்பதில் மிகக் கறாரானது. நான் மனதார மதிக்கிற முத்திரை. அதுவும் விலையைப் பற்றிப் பேசாது.

சில நாடுகளில் முத்திரையே இல்லாமல் சட்டம் கொஞ்சம் வேலை செய்கிறது. கோஸ்டாரிகாவில் 1961இல் வந்த சட்டம் பழத்தை வாங்கும் ஆலைக்காரர்களின் லாபத்துக்கு 9 சதவீதம் என்று வரம்பு வைத்தது. விவசாயிக்கு ஒவ்வொரு ஆலையும் கடைசியாகக் கொடுத்த விலையும் வெளியிடப்படுகிறது. கொலம்பியாவில் 1927இல் அமைந்த காபி விவசாயிகள் கூட்டமைப்பு உள்நாட்டுக் கொள்முதல் விலையைத் தினமும் அறிவிக்கிறது. ருவாண்டாவில் பழத்துக்கு அரசு அமைப்பு குறைந்தபட்ச விலை குறிக்கிறது. இந்த நாடுகளின் காபியை வாங்கும்போது விற்பவர் சொல்லும் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது ஒரு பிடி கிடைக்கும்.

படி 6: எழுதிக் கேளுங்கள்

கடையில் நின்றுகொண்டு கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆன்லைனில் அந்தக் கூச்சம் இல்லை. நான் அனுப்புவது இவ்வளவுதான்:

‘வணக்கம். உங்கள் இந்தக் காபியை வாங்க நினைக்கிறேன். அதற்கு முன் மூன்று விஷயம் தெரிந்துகொள்ள ஆசை. பச்சைக் கொட்டைக்குப் பவுண்டுக்கு என்ன விலை கொடுத்தீர்கள், அது எஃப்ஓபி விலையா, தோட்ட வாசல் விலையா? இந்தச் சங்கத்திடம் எத்தனை வருடமாக வாங்குகிறீர்கள்? இந்த வருடம் எத்தனை மூட்டை வாங்கினீர்கள்? நன்றி.’

இதற்கு வரும் பதிலைப் படிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருமுறை ஒரு பெரிய விற்பனையாளரிடமிருந்து அரைப் பக்கத்துக்குப் பதில் வந்தது. விவசாயிகள் எங்கள் குடும்பம், தரத்தில் சமரசம் இல்லை, நாங்கள் போகாத மலை இல்லை என்று எல்லாம் இருந்தது, ஒரு எண்கூட இல்லை. அதே வாரம் இரண்டு பேர் மட்டும் நடத்தும் ஒரு சிறு வறுவல் நிலையத்துக்கு எழுதினேன். நான்கு வரியில் பதில்: இறக்குமதியாளரிடமிருந்து வாங்கினோம், எஃப்ஓபி இவ்வளவு, மூன்றாவது வருடம், பன்னிரண்டு மூட்டை, தோட்ட வாசல் விலை எங்களுக்குத் தெரியாது, இறக்குமதியாளரிடம் கேட்டிருக்கிறோம். ‘தெரியாது’ என்று எழுதிய அந்த வரிதான் என்னை வாங்க வைத்தது. பத்து நாள் கழித்து அந்த எண்ணையும் அனுப்பினார்கள்.

சிறிய வறுவல் நிலையத்தார் பெரும்பாலும் இறக்குமதியாளரிடம்தான் வாங்குவார்கள், எல்லா எண்ணும் அவர்களிடம் இருக்காது. அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாங்குகிறவர்கள் நான்கு பேர் கேட்டால் அவர்கள் இறக்குமதியாளரைக் கேட்பார்கள்.

எண் கையில் வந்ததும் எதோடு ஒப்பிடுவது? அறுவடை விற்பனையான மாதங்களின் சி விலை, ஃபேர்டிரேட் அடிவிலை இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். நல்ல தரக் காபிக்கு இன்னொரு அளவுகோல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பரிவர்த்தனை வழிகாட்டி. வறுவல் நிலையங்களும் இறக்குமதியாளர்களும் கொடுத்த உண்மையான ஒப்பந்த விலைகளைத் திரட்டி, தரத்துக்கும் அளவுக்கும் தகுந்தபடி எஃப்ஓபி விலை எந்த எல்லைக்குள் இருந்தது என்று காட்டும். கவுன்டர் கல்ச்சர் மாதிரி சில வறுவல் நிறுவனங்கள் தாங்கள் கொடுத்த விலையை வருடா வருடம் தாங்களே வெளியிடுகின்றன. ஒன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள், வெளிப்படையாக இருப்பது என்றால் என்ன என்று கண் பழகிவிடும்.

பறிக்கிற கூலித் தொழிலாளிக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் எனக்கு நல்ல பதில் வந்ததே இல்லை. பல நாடுகளில் பறித்த எடைக்குத்தான் கூலி. தோட்டத்துக்காரருக்கு நல்ல விலை போனாலும் அது கூடை சுமக்கிறவர் வரை இறங்குகிறது என்று யாரும் உறுதி சொல்வதில்லை. இருந்தாலும் நான் விடாமல் கேட்கிறேன்.

படி 7: விவசாயியின் பங்கில் கை வைக்காமல் மிச்சம் பிடிப்பது

எல்லோராலும் விலை கூடிய பையை மாதா மாதம் வாங்க முடியாது. என்னாலும் முடியாது. ஆனால் செலவைக் குறைக்க வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன.

முதலில் அனுப்பும் செலவு. 250 கிராம் பை நான்கு முறை வாங்குவதற்குப் பதில் ஒரு கிலோ ஒரே தடவையில் வாங்குங்கள், அல்லது தெரிந்தவர்களோடு சேர்ந்து வாங்குங்கள். பழசாகிவிடுமே என்று யோசிக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை வெளியே வைத்துக்கொண்டு மீதியைக் காற்றுப் புகாமல் சிறு சிறு பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள். எடுத்தால் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பொட்டலத்தைப் பிரியுங்கள், இல்லாவிட்டால் கொட்டைமேல் நீர் கோத்துக்கொள்ளும்.

இரண்டாவது, மைக்ரோ லாட்டை விட்டுவிட்டுச் சங்கத்தின் பொதுக் காபியையோ விவரம் நன்றாக எழுதியிருக்கும் ஒரு கலவையையோ எடுங்கள். எந்தெந்தச் சங்கம், என்ன விகிதம் என்று சொல்லும் கலவை, பெயரில்லாத ‘ஒற்றைத் தோட்டக்’ காபியைவிட எவ்வளவோ மேல். மூட்டைக்கணக்கில் வாங்கப்படுவதும் இதுதான்.

மூன்றாவது, அறுவடை மாறும் சமயத்தில் வரும் தள்ளுபடி. புதுக் கொட்டை வந்திறங்கும்போது போன வருடத்து மிச்சத்தைக் குறைத்து விற்பார்கள். பச்சைக் கொட்டைக்கான பணம் முன்பே கொடுத்தாகிவிட்டது, அதனால் இந்தத் தள்ளுபடி விவசாயியின் பையிலிருந்து போவதில்லை, மனக்குறை இல்லாமல் வாங்கலாம். வருடம் முழுவதும் 40 சதவீதத் தள்ளுபடி போடுகிற கடை வேறு. அங்கே அடித்துக் காட்டும் பழைய விலையே உண்மை விலை கிடையாது.

மாதச் சந்தா எடுத்தால் பல இடங்களில் கொஞ்சம் குறையும். வறுப்பவருக்கும் அடுத்த வருடம் எவ்வளவு ஓடும் என்று முன்கூட்டியே தெரியும், அந்தத் தைரியத்தில்தான் அவர் சங்கத்தோடு முன்ஒப்பந்தம் போட முடியும். ஆனால் ‘எங்கள் விருப்பத் தேர்வு’ என்று ஒவ்வொரு மாதமும் புதுப்புது நாட்டைச் சுற்றிக் காட்டும் சந்தாவைவிட, ஒரே சங்கத்தின் காபி திரும்பத் திரும்ப வருவதையே நான் எடுப்பேன். அலுக்கும் என்று நினைத்தேன், அலுக்கவில்லை. ஒரே காபியைத் தொடர்ந்து குடிக்கும்போது அதன் ருசி வருடத்துக்கு வருடம் மாறுவது நாக்குக்குத் தெரிகிறது.

அரைத்த தூள் வாங்காமல் கொட்டையாகவே வாங்குங்கள், சுமாரான கை அரவையே போதும். தூளின் மணம் சீக்கிரம் போய்விடும், மணம் போனதும் ஸ்பூன் கூடப் போட ஆரம்பிப்போம்.

படி 8: பை வந்த பிறகு

பையைத் திறப்பதற்கு முன் வறுத்த தேதியைப் பாருங்கள். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்று மட்டும் இருந்து வறுத்த தேதி இல்லை என்றால் அடுத்த முறை வேறு இடம். வறுத்து ஓரிரு நாளே ஆகியிருந்தால் ஒரு வாரம் அப்படியே விடுங்கள், உள்ளே தங்கிய வாயு வெளியேறியதும் ருசி தெளியும். கொட்டையைக் கையில் பரப்பிப் பாருங்கள். உடைந்தது, வண்டு துளைத்தது, மற்றவை பழுப்பாகியும் தான் மட்டும் வெளிறி நிற்பது என்று ஏதாவது இருக்கிறதா? வெளிறியது பெரும்பாலும் பழுக்காத பழத்திலிருந்து வந்தது. ஒரு கைப்பிடியில் நான்கைந்து இருந்தால் பொறுக்கிப் பறிக்க யாரும் கூலி கொடுக்கவில்லை என்று அர்த்தம் கொள்ளலாம்.

ஒரு சின்ன நோட்டில் நான்கு விஷயத்தை எழுதி வையுங்கள்: சங்கத்தின் பெயர், அறுவடை வருடம், பைக்கு நீங்கள் கொடுத்த விலை, பச்சைக் கொட்டைக்கு அவர்கள் கொடுத்ததாகச் சொன்ன விலை. அடுத்த வருடம் புது அறுவடை வந்ததும் அதே கடைக்குப் போய் அதே சங்கத்தின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று தேடுங்கள். பையின் விலை ஏறியிருந்தால் பச்சைக் கொட்டையின் விலை எவ்வளவு ஏறியது என்று மறுபடி எழுதிக் கேளுங்கள். என் நோட்டில் நான்கு வருடமாகத் தொடர்ந்து வரும் சங்கம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பைகளை விற்பவர் இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே அந்த எண்ணைப் பையின் பின்பக்கத்தில் அச்சடித்து அனுப்புகிறார்.